முதலில் பாட்டு, அப்புறம் நோட்ஸ்!

மாலை ஏழு மணி. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஏழாவது படிக்கும் என் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இக்குறட்பாவின் கருத்தாவது... இக்குறட்பாவின் கருத்தாவது..." என்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, அரை மணி நேரமா கருத்து கருத்துங்கறியே, பாட்டை எங்கடி காணோம்?"

"பாட்டுக்கு ரெண்டு மார்க்குதான் அப்பாயி. கருத்துக்குத்தான் அஞ்சு மார்க்கு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே சுருக்கென்றது. நானும் அப்படிப் படித்து வந்தவள்தானே? பத்தாவதில் தமிழில் நல்ல மார்க்கு. ஆனால் அன்றைக்கு மனப்பாடம் செய்த செய்யுளில் ஒன்றாவது இன்று நினைவிருக்கிறதா என்றால் இல்லை. நோட்ஸில் இருந்த வாக்கியங்கள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன, எந்தப் பாட்டுக்கு உரியவை என்று தெரியாமல்!

நோட்ஸை வாங்கி மூடி வைத்துவிட்டு, "எங்கே, உன் வார்த்தையில சொல்லு, அந்தக் குறள் என்ன சொல்லுது?" என்றேன். திருதிருவென்று முழித்தாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது. "தமிழே எனக்குப் பிடிக்கலைம்மா" என்றாள். மார்க்கு குறைந்திருந்தால்கூட நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

நோட்ஸே கூடாது என்று சொல்ல வரவில்லை, சகோதரிகளே. கோனார் உரை இல்லாமல் தமிழ்ப் பரீட்சைக்குப் போனவர்கள் எங்கள் வகுப்பில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? திருச்சியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயம்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட உரை அது. யோசித்துப் பார்த்தால், உரை வைத்துப் பாட்டுப் படிப்பது நமக்குப் புதிதே இல்லை. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்று சொல்வார்கள். பரிமேலழகரும் மணக்குடவரும்கூட ஒரு வகையில் நோட்ஸ் போட்டவர்கள்தான்! (தமிழாசிரியர்கள் மன்னிப்பார்களாக.) ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு முதலில் நாக்கில் ஏறியிருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் ஒப்பிக்க வைத்த பிறகுதான் பொருள் வரும். நாம் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அன்புடைமை அதிகாரத்தின் முதல் குறள். "பொருளைப் பத்திப் பேசவே வேண்டாம். சும்மா படி" என்றேன். குறளுக்கு ஏழே சீர், முதல் அடியில் நாலு, இரண்டாம் அடியில் மூன்று. ஏழு பூண்டுப் பல்லை வரிசையாக வைத்து, ஒவ்வொரு சீருக்கும் ஒன்றை நகர்த்தச் சொன்னேன். நாலாவது தடவை புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள். முதல் அடியின் முதல் சீர் 'அ'வில் தொடங்குகிறது, நாலாவது சீர் 'ஆ'வில். அதுதான் மோனை என்று சொன்னதும், "அட, இதுதானா அது!" என்றாள். பரீட்சைக்காகப் பத்துத் தடவை எழுதிப் பார்த்த இலக்கணம் அது.

அடுத்தது பதம் பிரிப்பது. இங்கேதான் முக்கால்வாசிக் குழந்தைகள் தடுக்கி விழுகிறார்கள். புத்தகத்தில் பாட்டைச் சீர் பிரித்து அச்சிட்டிருக்கும். சீர் பிரிப்பது தாளத்துக்கு, பதம் பிரிப்பது பொருளுக்கு. இரண்டும் ஒன்றில்லை. இந்தக் குறளில் 'புன்கணீர்' என்று ஒரு சீர் வருகிறது. என் பெண் அதைப் 'புன்', 'கணீர்' என்று கோயில் மணி அடிக்கிற மாதிரி படித்தாள்! பென்சிலால் ஒரு கோடு போட்டேன். புன்கண் ஒன்று, நீர் ஒன்று. புன்கண் என்றால் துன்பம். அப்போது அந்த நீர் என்ன நீர்? "கண்ணீரா?" என்றாள் அவளே.

பிறகு சொற்கள். தெரியாத சொல்லைவிட, தெரிந்த மாதிரி ஏமாற்றுகிற சொல்தான் பெரிய தொல்லை. 'ஆர்வலர்' என்று பார்த்ததும், "டி.வி.யில சமூக ஆர்வலர்னு சொல்றாங்களே, அவங்களா?" என்று கேட்டாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. குறளில் அதற்கு அன்பு உடையவர் என்று பொருள். 'பூசல்' என்றதும், "சண்டையாம்மா? கட்சியில உட்பூசல்னு போடுவாங்களே?" என்றாள். நோட்ஸைத் திறந்தேன். 'பூசல் தரும்: வெளிப்படுத்தும்' என்று ஒரு வரியோடு முடிந்துவிட்டது. பூசல் எப்படி வெளிப்படுத்துவதாகும் என்று அவள் விடவில்லை. அகராதியை எடுத்தோம். பூசலுக்குப் போர், பேரொலி, பலர் அறியும்படி ஆவது என்று பல பொருள். "தெருவில் சண்டை நடந்தா சத்தம் ஊருக்கே கேக்குமில்ல? அது மாதிரி, உள்ளே ஒளிச்சு வச்சது ஊருக்குத் தெரிஞ்சு போறது" என்றேன். சரியான இலக்கண விளக்கமா என்று பண்டிதர்கள்தான் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிடிபட்டது.

மனசில் இருக்கிற அன்பைத் தாழ்ப்பாள் போட்டு அடைக்க முடியாது. அன்புள்ளவர் துன்பப்படுவதைப் பார்த்தால் இவர் கண்ணீரே காட்டிக் கொடுத்துவிடும். இதுதான் குறள் சொல்வது என்று கடைசியில் இரண்டு பேருமாகச் சேர்த்துக் கட்டினோம். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "அத்தை கைக்குழந்தையோட அழுதுக்கிட்டே பஸ் ஏறினாங்களே, அன்னிக்குத் தாத்தா கண்ணுல தூசி விழுந்துடுச்சுன்னு துண்டால தொடச்சாரே... அதுவாம்மா?" என்றாள்.

கீரைத் தட்டோடு எப்போதோ உள்ளே போன என் மாமியார் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கும் பேச்சு வரவில்லை.

அதற்கு அப்புறம்தான் நோட்ஸை அவள் கையில் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் படித்துவிட்டு, "நாம சொன்னதுதாம்மா, கொஞ்சம் பெரிய வார்த்தையா போட்டிருக்காங்க" என்றாள்!

"நான் தமிழ் படித்தவள் இல்லையே" என்று தயங்காதீர்கள். இப்போது பாடப்புத்தகத்திலேயே 'சொல்லும் பொருளும்', 'பாடலின் பொருள்', 'நூல் வெளி' என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள். குறளுக்கு மு. வரதராசனாரின் தெளிவுரையும் வீட்டில் இருக்கட்டும், கையடக்கமான புத்தகம். நோட்ஸும் அதுவும் ஒரே பொருளை வேறு வேறு வார்த்தையில் சொல்வதைக் குழந்தை பார்த்தாலே போதும், தன் வார்த்தையிலும் சொல்லலாம் என்கிற தைரியம் வந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

பள்ளிக்கூடம் போகாத வாண்டுகளுக்கு நோட்ஸும் கிடையாது, பொருளும் கிடையாது. கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் அவர்களுக்காகவே பாடி வைத்திருக்கிறார்கள். குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் நீங்கள் பாடினால் சரி. சுருதி சேராவிட்டால் என்ன, குழந்தையா குறை சொல்லப் போகிறது?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பரீட்சையில் அவள் தன் சொந்த வார்த்தையில் எழுதினாள். அரை மார்க்கு குறைத்திருந்தார்கள். முகம் வாடி வந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போடவில்லை. பரீட்சை தாளுக்கென்று ஒரு நடை இருக்கிறது. அதையும் தெரிந்துகொள்ளட்டும் என்று, நோட்ஸில் உள்ள முதல் வாக்கியத்தை எழுதிவிட்டு அதற்குக் கீழே தன் வார்த்தையை எழுதச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த தடவை முழு மார்க்கு.

இந்த வாரம் புறநானூற்றுப் பாட்டு ஒன்று வந்திருக்கிறது. எனக்கே பாதி வார்த்தை புரியவில்லை. மாமியார் பூண்டு உரித்துத் தயாராக வைத்திருக்கிறார். நோட்ஸ் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. சாப்பாடு முடிந்துதான் இறக்க வேண்டும்.