பொக்கேவுக்கு அடுக்குச் சம்பங்கி



கல்யாண மேடையில் கொடுக்கிற பொக்கேயில் நீளத் தண்டோடு வெள்ளையாக நிற்குமே, அதில் பெரும்பாலும் நம்ம சம்பங்கிதான். ஒரே தண்டில் அடியிலிருந்து நுனிவரை வரிசையாகப் பூக்கும். கீழ்ப்பூ விரிந்த பிறகும் மேல்மொட்டுகள் ஒவ்வொன்றாக விரியும். அதனால்தான் பொக்கே கட்டுபவர்கள் இதைத் தேடுகிறார்கள். "கிலோ கணக்கில் போடுறதுக்குப் பதிலா தண்டா வித்தா கூடக் கிடைக்குமாமே, கடன் தருவீங்களா?" என்று குழுக்களில் கேட்கிறார்கள். கடனுக்குத் தீர்மானம் எழுதும் முன் ரகத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

சம்பங்கியில் ஓரடுக்கு, பல அடுக்கு என்று உண்டு. ஓரடுக்குப் பூவில் வாசம் அதிகம். மாலைக்கும் உதிரிக்கும் அதுதான் போகும். பல அடுக்குப் பூ ரோஜா மாதிரி இதழ் நிறைந்து அழகாக இருக்கும், வாசம் குறைவு. தண்டாக வாங்க ஆள் இருந்தால் நல்ல விலை. ஆள் வரவில்லை என்றால் உதிர்த்து மாலைக் கடைக்குக் கொடுக்கலாம் என்று நினைக்காதீங்க, அங்கே அதற்குக் கிராக்கி இல்லை. மார்கழியில் கல்யாணம் நின்றுவிடும். கோயில் மாலைக்கு ஓரடுக்குப் பூ அப்போதும் போகும், அடுக்குப் பூ தோட்டத்திலேயே நிற்கும். தவணை மட்டும் நிற்காது!

ஆகவே எங்கள் யோசனை இது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் என்ற ஓரடுக்கு ரகம் உதிரிக்கும் ஆகும், தண்டாகவும் விற்கலாம். பெரும்பகுதி அதையே போடுங்கள். அதே நிறுவனத்தின் சுவாசினி என்ற பல அடுக்கு ரகத்தை, வாங்குகிற கடைக்காரரிடம் பேசி முடித்த அளவுக்கு இரண்டு மூன்று சென்ட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

நடுவதற்கு ஆனி, ஆடி நல்லது. கிழங்கு ஒன்று 25 முதல் 30 கிராம் இருக்கணும். பொடிக்கிழங்கு விலை மலிவு என்று வாங்கினால் முதல் வருஷம் இலைதான் வரும். தோண்டியதும் நடாமல் ஒரு மாதம் நிழலில் ஆறப்போட்டு நடவும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இந்தக் கணக்கில் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 450 கிழங்கு, அதாவது 11 முதல் 13 கிலோ பிடிக்கும். கிழங்கு வாங்கும் தோட்டத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தக் கிழங்கு வேண்டவே வேண்டாம், நம் மண்ணுக்கும் வந்துவிடும். ஊடே செண்டுமல்லி போட்டால் நூற்புழு குறையும், அந்தப் பூவும் காசாகும்.

தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். தொழுஉரம் தாராளமாகப் போடணும். களையைக் கையால் எடுப்பதுதான் பெரிய வேலை, கூலிக் கணக்கில் அதை விட்டுவிடாதீங்க. நட்ட மூன்று, நான்கு மாதத்தில் பூத்தண்டு வரும்.

பணம் வருவதும் போவதும் வெட்டுகிற நேரத்தில்தான். உதிரிப்பூவை விரிந்தபின் பறிக்கிறோம். தண்டை அப்படி விடக்கூடாது. அடியில் ஒன்றிரண்டு ஜோடிப் பூ விரிந்ததும், வெயிலுக்கு முன் கூரான கத்தியால் அடியோடு ஒட்டி வெட்டணும். எல்லாம் மொட்டாக இருக்கும்போதே வெட்டினால் பாதி விரியாமலே வாடிப்போகும். பாதி விரிந்தபின் வெட்டினால் கடைக்குப் போவதற்குள் கீழ்ப்பூ பழுத்துவிடும். வெட்டிய கையோடு தண்ணீர் வாளியில் நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோங்க. வளைந்ததைத் தனியே எடுத்துவிட்டு, ஒரே நீளத் தண்டாகச் சேர்த்துக் கட்டி, பூப்பக்கம் செய்தித்தாள் சுற்றி அனுப்பவும். ஒரு கட்டில் நாலு குட்டைத் தண்டு கலந்தால் கடைக்காரர் மொத்தக் கட்டுக்கும் விலையைக் குறைப்பார்.

இரண்டு மூன்று வருஷத்தில் தண்டு சிறுத்துவிடும். அப்போது தூரைத் தோண்டிப் பிரித்தால் ஒரு கிழங்குக்குப் பல கிழங்கு கிடைக்கும். பெரியதை வேறு நிலத்தில் நடலாம், பக்கத்துக் குழுவுக்கும் விற்கலாம். பொடியை ஒரு ஓரத்தில் நட்டு, பருக்கவிட்டு, அடுத்த ஆனிக்கு எடுக்கலாம்.