மதுரையைவிடப் பக்கம் யாழ்ப்பாணம்!

சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழித் தூரம் 400 கிலோமீட்டருக்கு மேல். யாழ்ப்பாணத்துக்கோ சுமார் 355 கிலோமீட்டர்தான். இன்னொரு நாட்டில் இருக்கும் ஊர், சொந்த மாநிலத்து ஊரைவிடப் பக்கத்தில் இருக்கிறது என்றால் ஆச்சரியம்தானே!

ஆனால் பல ஆண்டுகளாக இந்தத் தூரத்தைக் கடக்க ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 645 கிலோமீட்டர் பறந்து, அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். சாலைப் பயணமே ஏழெட்டு மணி நேரம். தங்கை கல்யாணத்துக்கு வருபவர் சமாளித்துவிடலாம். அப்பாவின் இறுதிச் சடங்குக்கு ஓடி வரும் மகனுக்கு அந்த ஏழெட்டு மணி நேரம் எவ்வளவு பெரியது!

இது புதிய பாதை அல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பு ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் வந்தது. பிறகு போர் வந்தது, வானமும் மூடிக்கொண்டது. 2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்ற சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025-ல் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் வந்துவிட்டது. அந்த வான்வழித் தூரம் 185 கிலோமீட்டர்கூட இல்லை!

சரி, 355 கிலோமீட்டருக்கு டிக்கெட்டில் ஏன் ஒன்றே கால் மணி நேரம் போடுகிறார்கள்? பலாலியின் ஓடுபாதை சிறியது என்பதால், இங்கே வருவது 70 முதல் 78 பேர் அமரக்கூடிய ஏடிஆர் விமானங்கள். விசிறி சுழன்று பறக்கும் இவை மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம் போகும். கணக்குப்படி முக்கால் மணி நேரம் போதும். ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதைக்கு வந்து, மேலேறி, இறங்கி, மறுபடியும் நிற்கும்வரை உள்ள மொத்த நேரம் அது. இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே என்பதால் நேரத்தைக் கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை.

உங்கள் பயணம் அதைவிட நீளம் என்பதை மறக்க வேண்டாம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருப்பது நல்லது. இறங்கியதும் குடிவரவு, சுங்கச் சோதனை. பலாலியிலிருந்து யாழ் நகருக்கு இன்னும் சுமார் 17 கிலோமீட்டர். ஆக, வீட்டுக்கு வீடு ஆறேழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விமானம் தாமதமாகலாம். முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முன்பே கிளம்பிவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதித் தேதி, இலங்கை விசா விதிகள், எடுத்துச் செல்லக்கூடிய எடை ஆகியவற்றை டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் சென்னையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் யாழ்ப்பாணத்து வீட்டு வாசலில் நிற்கலாம். தனியாக இருக்கும் அம்மாவுக்கு இதைவிடப் பெரிய செய்தி வேண்டுமா?