கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும்

யாழ்ப்பாணத்துக் காணியுறுதி ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்கு இத்தலைப்பு புதியதன்று. காணியின் பெயர், பரப்பு, குழி, நான்கெல்லை, அதனுள் நிற்கும் பனை, தென்னை, மா, பலா என்று வரிசையாக எழுதி வந்த நொத்தாரிசு, முடிவிலே மூச்சு வாங்காமல் 'கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும்' என்று சேர்த்துவிடுவார். நொத்தாரிசுத் தமிழைப் பரிகசிப்பது பண்டிதர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. முற்றுப்புள்ளி காணாத அந்த நெடுவாக்கியங்களை இலக்கண வகுப்பிலே யானும் உதாரணங்காட்டுவதுண்டு. ஆயினும் இந்த ஒரு தொடரை நகைத்தற்கு மனம் இடந்தருவதில்லை. மூன்றே சொற்களில் ஒரு நாட்டின் வாழ்வு முழுவதும் இதிலே கிடக்கின்றது.

குடாநாட்டில் ஆறில்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்ற ஒன்று உண்டெனினும், அது மாரியில் ஓடி, மழை விட்ட சில நாளில் தன் பெயரை மட்டும் விட்டுச் செல்வது. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை. அதிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலே பெய்து தீர்ந்துவிடும். மற்றை மாதங்களுக்கெல்லாம் நிலத்தின் கீழே இருப்பதுதான் நீர். அதனாலன்றோ நீர்நிலைக்கு எங்களூரில் இத்தனை பெயர்கள்! கட்டிய கிணறு வேறு. கட்டாது அகழ்ந்த துரவு வேறு. படியிறக்கிய கேணி வேறு. மணலைக் கிளறி ஊறவிட்டு அள்ளும் பூவல் வேறு. பழந்தமிழ்ச் செய்யுளிற் கூவல் என்று படிக்கும் மாணவனுக்கு உரையாசிரியர் வேண்டும். பூவலைக் கண்டவனுக்கு வேண்டியதில்லை.

ஒரு தோட்டக் கிணற்றைச் சூழ ஆறு காணி இருந்தால் ஆறு பங்கு. ஆறு நாளுக்கு ஒரு முறை. தன் முறைநாளிலே விடியற்புறம் துலாவில் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடப்பர். கீழே ஒருவர் பட்டை பிடிப்பார். வாய்க்கால் வழியே வரும் நீரைப் பாத்தி பாத்தியாக மாறிவிடுவதற்கு இன்னொருவர், பெரும்பாலும் வீட்டிலே பள்ளி செல்லும் பிள்ளை, மண்வெட்டியுடன் நிற்பார். வெயில் ஏறியதும் இறைப்பு முடியும். கிணறும் பிற்பகல் முழுவதும் இருந்து ஊறும். அடுத்தவன் காணிக்கூடாகத் தன் வாய்க்கால் போவதற்குள்ள உரிமையே 'வழிவாய்க்கால்' எனப்பட்டது. இந்த ஏற்பாட்டிலே ஒரு நுட்பம் உண்டு. பங்கு என்பது நாளின் பங்கேயன்றி நீரின் பங்கன்று. இத்தனை பட்டை என்று எவரும் எண்ணவில்லை. எண்ண வேண்டியதும் இல்லை. மனிதன் காலும் கையும் ஒரு காலையில் எவ்வளவு இறைக்க முடியுமோ அவ்வளவே எல்லை. உறுதியில் எழுதாத அளவுகோலை உடம்பு எழுதி வைத்திருந்தது.

இனி அந்நீரின் இயல்பைச் சிறிது கூறவேண்டும். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். கடற்பஞ்சு போல ஓட்டையும் குகையுமாக உள்ள கல். மாரிமழை அதனூடு இறங்கி, அடியிலே ஏற்கனவே நிறைந்திருக்கும் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. மிதக்கும் பொருள் மேலே சிறிதும் கீழே பெரிதுமாக நிற்குமன்றோ? கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் உண்டு என்பது 19ஆம் நூற்றாண்டின் முடிவிலே கைபென், ஹெர்ஸ்பேர்க் என்னும் இருவர் கண்ட கணக்கு. கேட்பதற்கு இனிய கணக்குத்தான். திருப்பிப் பார்த்தால் அத்துணை இனிதன்று. மேலே ஓரடி இறங்கினால், கீழே இருந்து நாற்பதடி உவர் ஏறிவிடும். சில நாளில் ஏறாது. ஏறினால் இறங்குவதும் சில நாளில் இல்லை. நிலாவரைக் கிணற்றை 'ஆழங்காணாக் கிணறு' என்று ஊரார் வியப்பர். மேலே நன்னீராகவும் ஆழஞ்செல்ல உவராகவும் இருப்பதே அதன்கண் யான் காணும் வியப்பு. குடாநாடு முழுவதையும் குத்திட்டு வெட்டிக் காட்டிய படம் அது. கீரிமலையிலோ அதே நன்னீர் கடலோரத்தில் ஊற்றாக வெளிவந்து கடலோடு கலந்துவிடுகிறது. நாம் இறைப்பதுபோலவே கடலும் தன் பங்கை இறைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முறைநாள் இல்லை.

'வாட்டர் பம்' வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தனர்; மகிழ்ந்ததிலே பிழையில்லை. துலா மிதித்த கால்களைக் கேட்டால் தெரியும். 1970க்குப் பின் அரசினர் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையிலே காசு புழங்கிற்று, கல்வீடுகள் எழுந்தன, என் போன்ற பிள்ளைகள் படித்தனர். ஆனால் பங்கின் பொருள் அன்றே மாறிவிட்டது. முறைநாள் அதே முறைநாள். அந்நாளில் ஏறும் நீரோ துலாக் காலத்து நீர் அன்று. பின்னர் மின்சாரப் பம், அதன் பின் குழாய்க்கிணறு. குழாய்க்கிணற்றுக்குப் பங்காளியும் இல்லை, முறையும் இல்லை.

சென்ற ஆண்டு என்னிடம் முன்பு படித்த ஒருவர், இப்போது வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் வசிப்பவர், பழைய உறுதியொன்றைப் பிளாஸ்ரிக் உறையிலிட்டுக் கொண்டுவந்தார். உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காணி. பேரனாருக்குக் கிணற்றில் ஆறிலொன்று. பிள்ளைகள் மூவர், ஆகவே தகப்பனாருக்குப் பதினெட்டிலொன்று. இவரும் தமக்கையாரும் இருவர், முப்பத்தாறிலொன்று. "ஐயா, இது சட்டப்படி இன்னும் இருக்கோ? காணியை வாங்க ஓராள் நிக்கிறார். நல்ல விலை சொல்லுறார்" என்றார். வாங்க நிற்பவர் தோட்டஞ் செய்பவர் அல்லர். குழாய்க்கிணறு அடித்துப் பவுசரில் நீர் நிரப்பி விற்க எண்ணியவர் என்பது பேச்சிலே வெளிப்பட்டது.

யான் கணக்குப் போட்டுக் காட்டினேன். காலை இறைப்பு ஆறு மணித்தியாலம் என்று கொண்டால், ஆறு நாளுக்கு ஒருமுறை அவருக்குரியது ஒரு மணித்தியாலம். அவர் நகைத்தார். "இவ்வளவுதானோ?" இவ்வளவுதான் தம்பி, ஆனால் வாங்குபவர் அந்த ஒரு மணித்தியாலத்தை வாங்கவில்லையே என்றேன். அவர் வாங்குவது நிலத்தை. நிலத்திலே துளையிட்டபின் ஆறு பங்காளரின் முப்பத்தாறு கூறும் அவர் குழாய்க்குள்ளே போகும். அதைத் தடுக்க உறுதியிலே ஒரு சொல்லும் இல்லை.

இதுதான் யான் சொல்ல வந்தது. நம் முன்னோர் கிணற்றைப் பங்கிட்டனர், நீரைப் பங்கிடவில்லை. அவர்களுக்கு அதற்குத் தேவை இருக்கவில்லை. திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்து மறு ஆண்டு சட்டமாகிய தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை நுணுக்கமாக வகுத்தது. பங்குக்காணியை விற்கும்போது கூட்டுப்பங்காளருக்கு முதலிலே கேட்கும் உரிமையும் அவ்வழக்கிலே உண்டு. அதற்கு 1947இல் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பிறந்தது. எல்லாம் மண்ணுக்கு மேலே. மண்ணுக்குக் கீழே உள்ளது நிலச்சொந்தக்காரன் இறைத்த அளவு அவனுடையது என்னும் நினைப்பே நாட்டில் நிலைத்துவிட்டது.

நீர் அவ்வாறு நினைக்கவில்லை என்பதைச் சுன்னாகம் காட்டிற்று. மின்னிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்திலிறங்கிச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலே மிதந்ததை 2014, 2015ஆம் ஆண்டுகளிலே நாடே பேசிற்று. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. ஒரு வேலிக்குள் ஊற்றியது பல வேலிக்கு அப்பால் வாளியில் வந்தது. பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று இதனினும் மெல்லிய திருடன். நிறமும் மணமும் இல்லை. குழந்தைகளின் குருதியிலேதான் தன்னைக் காட்டும். எண்ணெய்க்கு வழக்காட ஓர் எதிரி இருந்தார். நைத்திரேற்றுக்கு எதிரி நாம் எல்லோருமே. அதனால் வழக்கும் இல்லை.

சட்டமியற்றினால் தீருமோ எனின், தமிழ்நாட்டைப் பார்க்கலாம். அங்கே 2003இல் நிலத்தடிநீர்ச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரமடிக்கும் அப்பால் இறங்கிவிட்டன. அவர்களுக்காவது கீழே கருங்கல். நமக்கோ கீழே கடல். கலிபோர்னியாவில் 2014இலே ஒரு சட்டம் செய்தனர். ஒவ்வொரு நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கும் அவ்வவ்விடத்தாரே ஒரு சபை அமைத்துக் கணக்கு வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். வல்லரசின் செல்வமுள்ள மாநிலமே அவ்வளவு காலந்தாழ்த்தது. இலங்கையிலே 2000ஆம் ஆண்டு நீர்வளக் கொள்கை ஒன்று வகுத்தபோது, தண்ணீரை விற்கப் போகிறார்கள் என்ற கூக்குரலில் அது கைவிடப்பட்டது. கூக்குரலிட்டவர்களின் அச்சம் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் பவுசரில் விலையாவதை அக்கூக்குரல் நிறுத்தவில்லை.

இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். தங்கள் வயலுக்கே போதாத நீரைத் தா என்றால் யார்தான் தருவார்? ஈற்றிலே 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரவல்லது. நல்லதுதான். ஆனால் அது குடிக்கும் நீர். வெங்காயப் பாத்திக்குப் பாய்ச்ச அன்று. இவற்றிலெல்லாம் பழையதும் என் மனத்துக்குகந்ததும் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டமே. ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலினின்று பிரித்துக் கனகராயனாற்று வெள்ளத்தைத் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி ஏரிக்கும் அப்பால் உப்பாற்றுக்கும் விடுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை. நீரைக் கிணற்றிலிருந்து எடுப்பதையன்றிக் கிணற்றுக்குக் கொடுப்பதை எண்ணிய திட்டம் அது. அரைகுறையாக நின்றுபோயிற்று.

அரசினர் செய்வதை அரசினர் செய்க. கொழும்பிலும் கடல்கடந்தும் வாழும் நம்மவர் கையிலே உள்ள பங்குகளின் எண்ணிக்கையை எவரும் கணக்கிட்டதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குழாயைத் திருகினால் நீர் வருகிறது. ஆதலின் அலுமாரிக்குள்ளே கிடக்கும் முப்பத்தாறிலொன்று நம் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பங்குடையவர்கள் ஒன்றுகூடி, ஊரிலே தோட்டஞ் செய்யும் பங்காளருடன் பேசி, ஒரு கிணற்றை எத்தனை மணித்தியாலம் எந்த வலுவுள்ள பம்மால் இறைக்கலாம் என்று புதிதாக ஒரு முறை எழுதிக்கொள்ளலாம். மாரிக்கு முன் ஊர்க்குளத்தைத் தூர்வாரக் காசு அனுப்பலாம். குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உண்டு. கோயிற் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்திலே பத்திலொன்று அவற்றுக்குப் போதும். இதைச் சொன்னால் சிலர் கோபிப்பர். கோபிக்கட்டும்.

அந்த அன்பர் காணியை விற்றாரா என்று கேட்பீர்கள். முதலிலே கூட்டுப்பங்காளருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று சொல்லியனுப்பினேன். இரண்டு மாதங் கழித்துக் காலி வீதியிலே கண்டபோது, பங்காளருள் ஒருவர், இன்றும் அங்கே புகையிலை நடுபவர், தொலைபேசியில் அழைத்தாராம். விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். ஆவணியிலே கிணறு கலக்கி இறைக்கவேண்டும், இருபது வருடமாக உங்கள் பங்குக் காசு வரவில்லை என்றாராம்.

"எவ்வளவு கேட்டார்?" என்றேன்.

"முப்பத்தாறில ஒண்டு, ஐயா. சரியாக் கணக்குப் பாத்துத்தான் கேட்டார்" என்றார்.