பாபி ஓரின் இடது முழங்கால்

பாஸ்டனில் எழுபதை நெருங்கும் ஐஸ் ஹாக்கி ரசிகர் ஒருவரிடம் பாபி ஓர் பெயரை எடுத்தால் பேச்சு கோல்களில் தொடங்கும், முழங்காலில் வந்து நிற்கும். அந்தக் கால் இன்னும் ஐந்து வருடம் தாங்கியிருந்தால் என்ற ஏக்கம் அரை நூற்றாண்டாக அந்த ஊரில் தலைமுறை விட்டுத் தலைமுறை இறங்கி வருகிறது. அவர் ஆடியதைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். அதற்குள் ஓர் அருமையான உடலியல் கேள்வி இருக்கிறது: உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவர் இருபத்தேழு வயதில் சரியத் தொடங்கினால், அவரிடமிருந்து உண்மையில் எது போகிறது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பாரி சவுண்ட் என்ற சிற்றூரில் 1948இல் பிறந்தவர் பாபி. 1966இல், பதினெட்டு வயதில், பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு வந்தார். அவர் இடம் தற்காப்பு. பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர்; அவர்களில் தற்காப்பாளர் இருவர். எதிரணியின் வேகத்தை மறிப்பதும், பக் என்ற ரப்பர் வட்டைத் தன் கோல் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துவதும்தான் அவர்கள் வேலை என்று அதுவரை கருதப்பட்டது. பாபி அந்த வட்டைத் தன் கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு, எதிரே வந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி, மறுமுனைவரை தானே கொண்டுபோனார்.

அதன் விளைவை எண்களில் பார்க்கலாம். லீகில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தரப்படும் ஆர்ட் ராஸ் கோப்பையை 1970இலும் 1975இலும் வென்றார். இன்றுவரை வேறெந்தத் தற்காப்பாளரும் அதைத் தொட்டதில்லை. சிறந்த தற்காப்பாளருக்கான நாரிஸ் கோப்பையை 1968 முதல் தொடர்ந்து எட்டு ஆண்டு வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னை இன்னும் மலைக்க வைப்பது வேறொரு கணக்கு. ஒருவர் தளத்தில் நிற்கும்போது அவர் அணி போட்ட கோல்களையும் வாங்கிய கோல்களையும் கழித்துப் பார்ப்பார்கள் (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது போட்ட கோல்கள் இதில் சேராது). 1970–71 பருவத்தில் பாபியின் கணக்கு 124 கூடுதல். அந்தச் சாதனையை இன்னும் எவரும் முறியடிக்கவில்லை.

இத்தனையையும் அவர் சேதப்பட்ட முழங்காலோடு செய்தார். லீகில் நுழைந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1966 டிசம்பரில், டொராண்டோ அணிக்கு எதிரான ஆட்டத்தில் மோதி முழங்காலில் அடிபட்டது. அடுத்த கோடையில் வினிப்பெக்கில் ஒரு நன்கொடை ஆட்டத்தில் மறுபடி காயம். இரண்டாம் பருவத்தில் 46 ஆட்டங்களே ஆட முடிந்தது. அதிலிருந்து இடது முழங்காலில் அறுவைக்கு மேல் அறுவை; மொத்தம் பத்துக்கும் அதிகம்.

முழங்கால் முன்னும் பின்னும் மடங்கும் மூட்டு, பக்கவாட்டில் வளையாது. பனியில் ஓடுபவரின் பூட்ஸுக்கு அடியில் இருக்கும் எஃகுக் கத்தி, திரும்பும்போது பனியைக் கடித்துக்கொண்டு நிற்கும். பாதம் அப்படிப் பூட்டிக் கிடக்கும் நொடியில் ஒருவர் பக்கவாட்டிலிருந்து வந்து மோதினால், அந்த விசை முழுவதும் முழங்காலின் உட்புறம் உள்ள லிகமென்ட் மீது விழும். இந்த விளையாட்டில் முழங்கால் காயங்களில் அதிகம் காணப்படுவது இதுதான். எலும்போடு எலும்பைக் கட்டும் அந்த நாருக்கு ரத்த ஓட்டம் நன்றாகவே உண்டு. பெரும்பாலும் கத்தி வைக்காமலே ஆறிவிடும். ஆனால் அதே மோதலில் மூட்டுக்குள்ளே இருப்பவையும் கிழிந்தால் கதை வேறு.

உள்ளே இருப்பவற்றில் இரண்டு இங்கே முக்கியம். தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் முனையையும் சில மில்லிமீட்டர் கனத்தில் பளபளப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுத் திரவத்தில் ஊறித்தான் அது உணவு பெறுகிறது. இந்த இரு முனைகளுக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்பார்கள். நம் வீடுகளில் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று சொல்வது பல சமயம் இதைத்தான். உருண்டையான தொடை எலும்பு முனை, தட்டையான கீழ்க்கால் எலும்பின் மேல் ஒரே புள்ளியில் அழுந்திவிடாமல், எடையைப் பரப்பி விடுவது அந்த மெத்தைகள்தான். கால் நீட்டியிருக்கும்போது மூட்டின் சுமையில் ஏறத்தாழ பாதியை அவை ஏந்துகின்றன. முழங்காலைத் தொண்ணூறு பாகை மடக்கினால் அது 85 சதவீதம்வரை ஏறும். ஸ்கேட்டிங் ஆடுபவர் ஆட்டம் முழுக்க முழங்காலை மடக்கித்தான் நிற்கிறார். வேறெவரையும்விட அவருக்கு அந்த மெத்தைகள் தேவை.

ஆரோக்கியமான குருத்தெலும்பு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்போது எழும் உராய்வு, பனிக்கட்டிமேல் எஃகுக் கத்தி வழுக்கும்போது எழும் உராய்வுக்குக் கிட்டத்தட்ட நிகரானது. ஆக, பாபி ஓர் ஒரே சமயத்தில் இரண்டு பனித்தளங்களின் மேல் ஓடினார்: ஒன்று காலடியில், மற்றது முழங்காலுக்குள். காலடியில் இருந்ததை ஆட்டத்தின் இடைவேளைகளில் சாம்போனி எந்திரம் வந்து சீவி, வெந்நீர் ஊற்றிப் புதுப்பித்தது. உள்ளே இருந்ததைப் புதுப்பிக்க உடலில் எந்த ஏற்பாடும் இல்லை.

அறுபதுகளில் மெனிஸ்கஸ் கிழிந்தால் முழங்காலைத் திறந்து அதை மொத்தமாக எடுத்துவிடுவதுதான் வழக்கம். வேண்டாத உறுப்பு, எடுத்தால் வலி போகும், ஆள் சீக்கிரம் களத்துக்குத் திரும்பலாம் என்பது பெரும்பாலான அறுவை மருத்துவர்களின் நம்பிக்கை. சில மாதங்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் டி. ஜே. ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மெனிஸ்கஸ் எடுக்கப்பட்டவர்களின் எக்ஸ்ரே படங்களைச் சேகரித்து ஆராய்ந்து, அந்த மூட்டுகளில் இடைவெளி குறுகுவதையும், எலும்பு முனை தட்டையாவதையும், விளிம்பில் புதிய எலும்பு வரப்பு கட்டுவதையும் பதிவு செய்திருந்தார். மெனிஸ்கஸை எடுப்பது மூட்டின் இயக்கத்தையே மாற்றிவிடுகிறது என்று எச்சரித்தார். அந்தக் கட்டுரை வெளிவந்தது 1948இல், பாபி பிறந்த அதே ஆண்டில். அவருடைய முழங்காலில் முதல் கத்தி படும்போது அந்த எச்சரிக்கைக்கு ஏறத்தாழ இருபது வயது.

இன்னொரு செய்தி இதைவிட என் மனதை உறுத்துகிறது. டோக்கியோவில் மசாக்கி வாட்டனபே என்ற மருத்துவர், மெல்லிய குழாய் ஒன்றை முழங்காலுக்குள் செலுத்தி உள்ளே பார்க்கும் கருவியைச் செம்மைப்படுத்தி, 1962இல் அதன் வழியாகவே மெனிஸ்கஸின் கிழிந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார். மீதி மெத்தை அப்படியே இருந்தது. 1964இல் ராபர்ட் ஜாக்சன் என்ற இளம் கனடா மருத்துவர் டோக்கியோ சென்று அவரிடம் அதைக் கற்றார். ஊர் திரும்பி வட அமெரிக்காவில் அந்த முறையைத் தொடங்கி வைத்தார். அவர் திரும்பிய ஊர் டொராண்டோ. பாபி வளர்ந்த அதே மாகாணம், பாபி அடிபடுவதற்கு முந்தைய ஆண்டு. ஆனால் சக மருத்துவர்களில் பலர் பல வருடம் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். எழுபதுகளின் பிற்பாதியில்தான் அது பரவியது. தனி மனிதர் எவரையும் இதில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பாபிக்குக் கத்தி வைத்தவர்கள் தங்கள் காலத்தின் நல்ல வைத்தியத்தைத்தான் செய்தார்கள். ஓர் அறிவு பிறப்பதற்கும் நோயாளியின் படுக்கைக்கு வந்து சேர்வதற்கும் நடுவில் உள்ள இருபது வருடத்தில் சிலருடைய முழு வாழ்க்கை அடங்கிவிடுகிறது.

குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்றேன். அதனால் அது தேயும்போது வலிக்காது. 1974–75இல் பாபி 80 ஆட்டங்களையும் ஆடி 46 கோல் போட்டார். பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிந்தது. அடியில் உள்ள எலும்புக்கு நரம்பு உண்டு. தேய்மானம் அங்கே எட்டிய பிறகுதான் வலி பேசத் தொடங்கும். 1975–76இல் அவர் ஆடியது பத்தே ஆட்டம்.

வலியைவிடப் பெரிய எதிரி ஒன்றும் உண்டு. மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் தண்டுவடம் தானாகவே தொடையின் முன்தசையை அடக்கி வைக்கும். மனிதர் நினைத்தாலும் அந்தத் தசை முழுமையாக இறுகாது. வலியே இல்லாதபோதும் இது நடக்கும். கொஞ்சம் நீர் போதும். லிகமென்ட்களிலும் மெனிஸ்கஸிலும் வேறு வகை நரம்பு முனைகள் இருக்கின்றன. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்பவை. அவை கிழிந்தாலோ அகற்றப்பட்டாலோ சேதியும் குறையும். மேலே அரங்கில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவதோ, பழைய ஆள் ஒரு திருப்பத்தில் கணநேரம் தயங்குகிறார் என்பது மட்டும்தான். பயந்துவிட்டார், பசி போய்விட்டது, பணம் வந்ததும் உழைப்பு போயிற்று என்று எந்த விளையாட்டின் ரசிகர்களும் எளிதாகச் சொல்லிவிடுவோம். அந்தத் தயக்கம் பல சமயம் மனதில் பிறப்பதே இல்லை, முதுகெலும்புக்குள் பிறக்கிறது.

பாபியின் ஆட்ட அறிவு அப்படியே இருந்தது என்பதற்கு 1976 செப்டம்பரே சாட்சி. 1972இல் சோவியத் யூனியனுக்கு எதிரான எட்டு ஆட்டத் தொடரில் அணியில் பெயர் இருந்தும், முழங்கால் அறுவையால் ஒரு ஆட்டமும் ஆட முடியாமல் போனவர் அவர். நான்கு ஆண்டு கழித்து கனடா கோப்பை வந்தது. நடப்பதே சிரமமாக இருந்த காலோடு ஏழு ஆட்டத்தில் ஒன்பது புள்ளி எடுத்தார், கனடா வென்றது, போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்குத்தான். முன்போல விரட்டிப் போக முடியவில்லை. அதனால் வட்டு எங்கே வரும் என்பதை முன்கூட்டியே பார்த்து அங்கே நின்றார்.

அதன்பின் சிகாகோ. பாஸ்டன் அணியின் உரிமையில் 18.5 சதவீதப் பங்கு தர முன்வந்ததை அவருடைய முகவர் ஆலன் ஈகிள்சன் அவரிடம் சொல்லவே இல்லை. அது பல வருடம் கழித்துத்தான் பாபிக்குத் தெரியவந்தது. ஈகிள்சன் பின்னாளில் வேறு மோசடிகளுக்காகச் சிறை சென்றார். பாஸ்டன்காரர்களுக்கு முழங்காலோடு சேர்த்து இந்தக் காயமும் ஆறவில்லை. சிகாகோவுக்கு முதல் பருவத்தில் 20 ஆட்டம், அடுத்த பருவம் முழுக்க ஓய்வு, கடைசியாக ஆறு ஆட்டம். 1978 நவம்பரில், முப்பது வயதில், விலகினார். 657 ஆட்டம், 915 புள்ளி. புகழ்மன்றத்தில் சேர வழக்கமாகக் காத்திருக்க வேண்டிய காலத்தை அவருக்காகத் தளர்த்தி, 1979இலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

காயம் எந்தத் திசுவில் விழுகிறது என்பதில்தான் எவ்வளவு இருக்கிறது! 2013இல் ஒட்டாவா அணியின் தற்காப்பாளர் எரிக் கார்ல்சனின் குதிகால் நாணை எதிராளியின் ஸ்கேட் கத்தி அறுத்தது. அந்தப் பருவத்தில் அவர் இனி ஆடமாட்டார் என்றுகூடப் பேசினார்கள். அந்த நாண் தைக்கக்கூடியது, ஆறக்கூடியது. சுமார் பத்து வாரத்தில் திரும்பி வந்தார். அதன்பின் கணுக்காலிலும் அறுவை செய்துகொண்டார், பல பருவம் மங்கினார், ரசிகர்கள் கைவிட்டார்கள். 2022–23இல் 101 புள்ளி எடுத்து மூன்றாம் முறையாக நாரிஸ் கோப்பையை வாங்கினார்.

அப்படியானால் பாஸ்டன்காரர்களின் கேள்விக்கு என்ன பதில்? இன்று பாபிக்கு அடிபட்டிருந்தால் எம்ஆர்ஐ படம் எடுத்திருப்பார்கள், குழாய்க் கருவியால் உள்ளே போய், கிழிந்த மெனிஸ்கஸை இயன்றவரை தைத்துக் காப்பாற்றியிருப்பார்கள். ரத்தம் பாயும் வெளிவிளிம்பில் கிழிசல் இருந்தால் அது ஒட்டவும் செய்யும். உள்விளிம்பில் இருந்தால் வாய்ப்பு குறைவு. தேய்ந்த குருத்தெலும்பில் சிறு பள்ளங்களை நோயாளியின் சொந்தச் செல்களை வளர்த்து நிரப்பும் முறையை 1994இல் ஸ்வீடன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். முழு மூட்டும் தேய்ந்துவிட்டால் அதுவும் உதவாது. ஆகவே பாபிக்கு இன்னும் பல நல்ல பருவங்கள் கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் தைத்த மெனிஸ்கஸ் ஆறுவதற்குப் பல மாதம் பனியை விட்டு விலகி இருக்க வேண்டும். 1975 செப்டம்பரில் அறுவை செய்துகொண்டு நவம்பரிலேயே களமிறங்கிய மனிதர் அதற்கு இணங்கியிருப்பாரா என்பது எந்தப் படத்திலும் தெரியாது.