காணாமற்போகும் ஓடர் பொத்தான்

மலைநாட்டுச் சிறு வர்த்தகர்கள் பலரிடம் இன்று சொந்த இணையத்தளம் இருக்கிறது. டயகமவில் இருந்தபடியே கொழும்புக்குத் தேயிலைப் பொதிகள் அனுப்பும் எனக்கும் ஒன்று உண்டு. தளத்தின் கீழ்மூலையில், விலைப்பட்டியலை எவ்வளவு தூரம் உருட்டினாலும் அசையாமல் நிற்கும் ஓடர் பொத்தான்தான் அதன் கல்லாப்பெட்டி. அந்தப் பொத்தான் எப்படிக் காணாமற்போகும் என்பதை வர்த்தக சகோதரர்கள் அறிந்திருப்பது நல்லது.

துக்க தினம் ஒன்றில் எமது தளத்தைப் பராமரிப்பவர் மரியாதைக்காகப் பக்கம் முழுவதையும் சாம்பல் நிறமாக்கினார். அன்று மாலை வெள்ளவத்தை வாடிக்கையாளர் ஒருவர், "நானா, ஓடர் போடும் பட்டனைக் காணவில்லையே?" என்று தொலைபேசியில் கேட்டார். பொத்தான் அழியவில்லை. பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே போய் நின்றுகொண்டிருந்தது.

சாம்பல் நிறமாக்குவது புதிய வழக்கமல்ல. 2016 ஒக்டோபரில் தாய்லாந்து மன்னர் பூமிபோல் காலமானபோது அந்நாட்டுத் தளங்கள் பல நிறமிழந்தன. கொரோனாவில் இறந்தவர்களுக்காக 2020 ஏப்ரல் 4ஆம் திகதி சீனாவிலும் அவ்வாறே நடந்தது. இதைச் செய்ய ஒரு வரி போதும். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் 'பில்டர்' என்றொரு கட்டளை உண்டு. அதனைப் பக்கத்தின் உடற்பகுதிக்குக் கொடுத்தால் உள்ளேயிருக்கும் அனைத்தும் நிறம் மாறும்.

இனி, பொத்தான் ஏன் இடம்மாறியது என்று பார்ப்போம். தலவாக்கலையிலிருந்து டயகமவுக்கு வரும் பஸ்ஸில் யன்னல் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தேயிலை மலைகள் ஓடும், ஸ்டிக்கர் ஓடாது. 'பிக்ஸ்ட்' எனக் குறிக்கப்பட்ட பொத்தானும் அப்படித்தான். கைத்தொலைபேசித் திரையே அதற்குக் கண்ணாடி. பில்டர் வந்ததும் ஸ்டிக்கர் கண்ணாடியை விட்டு மலையில் ஒட்டிக்கொள்கிறது. மலை ஓடினால் அதுவும் ஓடும்.

இது கணினியின் கோளாறு அல்ல, விதியே அதுதான். நிறம் மாற்றுவதற்கு உலாவி அந்தப் பகுதியையும் அதன் பிள்ளைகளையும் சேர்த்து ஒரே படமாக வரைந்துகொள்ள வேண்டும். ஆகவே, பில்டர் பெற்ற பகுதியே தனக்குள் இருக்கும் 'பிக்ஸ்ட்' பொருட்களுக்கும் எல்லையாகும் என்று நியமத்தில் எழுதியிருக்கிறார்கள். மங்கலாக்கும் 'பிளர்' போன்றவை பில்டரின் வகைகளே. அவற்றுக்கும் இதே விதிதான். நகர்த்தவும் சுழற்றவும் உதவும் 'டிரான்ஸ்போர்ம்' கட்டளையும் இதே வேலையைச் செய்யும்.

இப்போது நாகரிகமாகியிருக்கும் கண்ணாடி போன்ற தலைப்புப் பட்டையிலும் இந்தச் சிக்கல் உண்டு. பின்னணியை மங்கலாக்கும் 'பெக்ட்ரொப் பில்டர்' இட்ட பட்டைக்குள் மெனு இருந்தால், திரை முழுவதும் விரிய வேண்டிய அந்த மெனு பட்டையின் உயரத்துக்குள் நசுங்கிக் கிடக்கும். வாடிக்கையாளர் காரணம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பரிகாரங்கள் மூன்று. முதலாவது, பக்கம் முழுவதையும் சாம்பலாக்க வேண்டுமானால் பில்டரை உடற்பகுதிக்குக் கொடுக்காமல், யாவற்றுக்கும் மேலுள்ள 'எச்.டி.எம்.எல்.' வேருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வேருக்கு மட்டும் விதியில் விலக்கு உண்டு. டிரான்ஸ்போர்முக்கு இந்த விலக்கு இல்லை. இரண்டாவது, ஓடர் பொத்தானையும் மெனுவையும் அலங்காரம் பெற்ற பகுதிக்கு வெளியே தனியாக வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, வெளிறிய தோற்றம் மட்டும் போதுமென்றால் 'ஒபாசிட்டி' எனும் கட்டளை உண்டு. அது பொத்தானை இடம்பெயர்க்காது.

தளம் செய்து தருபவரிடம் காசு கொடுக்குமுன், உங்கள் கைத்தொலைபேசியில் பக்கத்தைத் திறந்து நடுப்பகுதிவரை உருட்டுங்கள். பொத்தான் மூலையில் நிற்கிறதா, மெனு முழுதாக விரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு புது அலங்காரத்திற்குப் பின்னரும் இதையே செய்யுங்கள். ஒரு நிமிட வேலைதான். பண்டிகைக்கால ஓடர் ஒன்றைக் காப்பாற்ற அது போதும்.