இல்லாத சில்லில் ஒரு சோதனை
(தொடர் – 9)

டோர்வல் என்றதும் மொன்றியல் விமான நிலையம்தான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும். கனடாவின் வானிலை மையமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் ஓடியவை ஐபிஎம்மின் பவர் சில்லுகள் கொண்ட மீகணினிகள். பிறகு இன்டெல் சில்லுகள் கொண்ட கிரே இயந்திரங்கள் வந்தன. இந்த இரு சில்லு வகைகளுக்கும் உள்ள ஒரு வேறுபாடுதான் இந்த வாரம் நம் விஷயம்.

ஒரு புரோகிராம் முதலில் தரவை எழுதுகிறது. அடுத்து ‘தயார்’ என்று குறி வைக்கிறது. இன்டெல்லில் மற்ற கோர்களுக்கும் அதே வரிசையில்தான் தெரியும். பவரிலும், ஏஆர்எம் என்ற இன்னொரு சில்லு வகையிலும் அந்த உத்தரவாதம் இல்லை. சோறு வேகும் முன்பே ‘சாப்பாடு ரெடி’ பலகையை மாட்டியது போல, குறி முந்திக்கொள்ளலாம். அதைத் தடுக்க ‘மெமரி பேரியர்’ என்ற கட்டளையை இடையில் வைக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் போச்சு.

மொன்றியல் பாலிடெக்னிக்கில் பேராசிரியர் மிஷெல் டாஜனேயிடம் ஆய்வு செய்த மத்தியூ டெனுவாயே 2009இல் வெளியிட்ட ‘லிபயுஆர்சியூ’ லைப்ரரி, பூட்டுப் போடாமலே பல கோர்கள் ஒரே தரவைப் படிக்க வழிசெய்கிறது. இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் ‘பைண்ட்’ மென்பொருளின் 9.20ஆம் பதிப்பு இதன்மேல்தான் நிற்கிறது. பூட்டுக்குப் பதில் பேரியர்களை நம்பும் இப்படிப்பட்ட லைப்ரரியை எல்லாச் சில்லுகளிலும் சோதிக்க வேண்டும். எல்லாச் சில்லும் யார் மேசையில் இருக்கிறது?

அதற்குத்தான் எமுலேட்டர். ஃபப்ரீஸ் பெலார் 2003இல் தந்த ‘கியூஎமு’, பவரையும் ஏஆர்எம்மையும் நம் மடிக்கணினிக்குள்ளேயே நடித்துக் காட்டுகிறது. பைட் வரிசைக் கோளாறு, தவறான கட்டளை போன்றவற்றை நன்றாகவே பிடிக்கும். ஆனால் முழுக் கணினியை நடிக்கும்போது, போலிக் கோர்களை வெகுகாலம் ஒரே இழையில் மாற்றி மாற்றித்தான் ஓட்டியது. 2017இல் வந்த 2.9ஆம் பதிப்பில்தான் அவை இணையாக ஓடத் தொடங்கின. அதுவும் முதலில் சில சில்லுகளுக்கு மட்டும். இன்றும் அடியில் இருப்பது இன்டெல் என்றால் நினைவக ஒழுங்கும் இன்டெல்லுடையதே. எழுத்துகளின் வரிசையைக் காக்கும் பேரியர் விடுபட்டாலும் அங்கே வெளியே தெரியாது.

டெனுவாயேயும் உடன் உழைத்தவர்களும் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. உலகில் எங்குமே இல்லாத ஒரு சில்லை ‘புரோமெலா’ மொழியில் எழுதினார்கள். ஒன்றையொன்று சாராத கட்டளைகளையும் நினைவக வாசிப்பு, எழுத்துகளையும் இஷ்டம்போல் முன்பின்னாக்கும் முரட்டுச் சில்லு அது. லைப்ரரியின் மையப் பகுதியை அதன்மேல் வைத்து, சாத்தியமான வரிசைகளை எல்லாம் ‘ஸ்பின்’ என்ற சரிபார்ப்புக் கருவியால் அலசினார்கள். அதோடு விடவில்லை, பேரியர்களை வேண்டுமென்றே நீக்கி, பிழை பிடிபடுகிறதா என்று அந்த மாதிரியையும் சோதித்தார்கள். சோதனையையே சோதித்த இந்த நேர்மை நம் கல்லூரிகளில் பாடமாக வேண்டும்.

கணினித்துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எமுலேட்டரில் தேறியதும் நிறுத்திவிடாதீர்கள். நான்கு கோர் ஏஆர்எம் சில்லு உள்ள ராஸ்பெர்ரி பை பலகை ஒன்றில் உங்கள் புரோகிராமை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள்.