12 முனைகள், 126 விளக்குகள்

பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர் ஒளி எழுத்துகளாக ஓடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வெழுத்துகள் சிறு விளக்குப் புள்ளிகளால் ஆனவை. அத்தகைய பலகை ஒன்றை நாமே ஈயம் பற்றவைத்துச் செய்ய இயலுமா? இயலும். அதற்கென அமைந்ததே 'லால் ஷீல்டு' என்னும் தொகுப்பு. இதனை வடிவமைத்தவர் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்பவர். உள்ளங்கையில் அடங்கும் இப்பலகையில், வரிசைக்கு 14 வீதம் 9 வரிசைகளில் 126 எல்.இ.டி. விளக்குகள் உள்ளன.

இப்பலகை தானாக இயங்காது. 'ஆர்டுயினோ' என்ற மின்பலகையின் மேல் இதனைப் பொருத்த வேண்டும். ஆர்டுயினோ 2005-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் இவ்ரெயா நகரில், மாணவர்கள் குறைந்த செலவில் மின்னணுக் கருவிகளைச் செய்து பழகுவதற்காக உருவாயிற்று. அதிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு, நாம் கணினியில் எழுதித் தரும் நிரலை நினைவில் வைத்து, அதன்படி விளக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. விளக்குகளோ 126, அவற்றுக்குக் கிடைப்பனவோ 12 முனைகள்! இது எவ்வாறு போதும்? விடையின் பெயர் 'சார்லிபிளெக்சிங்'. மாக்சிம் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லி ஆலன் 1995-இல் இம்முறையை முன்வைத்தமையால் இப்பெயர் வந்தது.

எல்.இ.டி. என்பது ஒரு டையோடு. அதில் மின்சாரம் ஒரே திசையில்தான் செல்லும். ஆகவே இரு முனைகளுக்கிடையே இரு விளக்குகளை எதிரெதிராக இணைக்கலாம். மின்சாரம் ஒரு திசையில் சென்றால் ஒன்று எரியும். மறு திசையில் சென்றால் மற்றது எரியும். 12 முனைகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 66 ஜோடிகள். ஜோடிக்கு 2 விளக்குகள் எனில் 132. அவற்றுள் 126 இடங்களே இங்குப் பயன்படுகின்றன. அந்நேரம் வேண்டாத முனைகளை, இணைப்பே இல்லாதவை போலச் சில்லு ஒதுக்கி வைத்துவிடும்.

இம்முறையில் எல்லா விளக்குகளும் ஒருங்கே எரிவதில்லை. சிலசிலவாக மாறிமாறி மிக விரைவாக எரிகின்றன. இருட்டில் கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறதல்லவா? அதுபோலவே நம் கண்ணுக்கு முழு எழுத்தும் நிலையாக நிற்பதாகத் தோன்றுகிறது.

இனி, கைவேலையைப் பார்ப்போம். விளக்குக்கு 2 கால்கள் வீதம் பற்றவைக்க வேண்டிய இடங்கள் 252. குட்டைக் கால் எதிர்முனை. நெட்டைக் கால் நேர்முனை. சூட்டுக்கோலால் விளக்கின் காலையும் பலகையின் செப்பு வளையத்தையும் சேர்த்துச் சூடாக்கிய பின்னரே ஈயக் கம்பியைத் தொட வேண்டும். ஈயம் உருகிப் பளபளப்பான சிறு குன்றாகப் படிந்தால் இணைப்பு நன்று. புகையை முகராமல் காற்றோட்டமான இடத்தில் அமர்வதும், முடித்தபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் அவசியம்.

ஒரு விளக்கைத் திருப்பி வைத்துவிட்டால் என்ன ஆகும்? தன் முறை வரும்போது அது எரியாது. தன் ஜோடி விளக்கின் முறையில், அதனுடன் சேர்ந்து எரியும். எழுத்தில் ஓரிடம் இருளும். வேறோரிடத்தில் வேண்டாத புள்ளி தோன்றும். ஆகையால் ஒவ்வொரு வரிசையையும் பற்றவைக்கும் முன் ஒருமுறை சரிபார்ப்பது நலம்.

கடையில் முடிந்த பலகையாகவே வாங்கினால் என்ன என்று பெற்றோர் கேட்கக்கூடும். வாங்கலாம், எழுத்து ஓடும். ஆனால் 12 முனைகள் எப்படி 126 விளக்குகளை ஆள்கின்றன என்பது, ஒவ்வொரு காலையும் திசை பார்த்துப் பொருத்தும் கைக்கே தெளிவாக விளங்கும். நிரலில் தவறிய எழுத்தை நொடியில் மாற்றிவிடலாம். பற்றவைத்த விளக்கைக் கழற்றுவது கடினம். எண்ணித் துணியும் பழக்கத்தை இச்சிறு பலகை நமக்குக் கற்றுத் தருகிறது. மின்னணுவியல் பயில விரும்பும் நம் தோழியர், முதலில் இரண்டே விளக்குகளை எதிரெதிராக இணைத்துத் தொடங்கலாமே!